பழகிடும் என்கிறோமே, அது எப்படிப் பழகுகிறது?

புகுந்த வீட்டுக்குப் போன பெண்ணிடம், ஹாஸ்டலில் சேர்ந்த பையனிடம், துபாயில் வேலைக்குச் சேர்ந்து முதல் வாரமே போனில் அழுகிற தம்பியிடம், கணவரை இழந்த அக்காவிடம் என்று எல்லாரிடமும் நாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம்: "கொஞ்ச நாள் போனா பழகிடும்." சொல்வதில் தப்பில்லை, அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் ஆறுதலுக்குச் சொல்வதை நாமே ஒரு விதியாக நம்ப ஆரம்பித்துவிடுகிறோம். நாள் ஓட ஓட மனசு தானாகச் சரியாகிவிடும், ஆகாவிட்டால் அந்த ஆளிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம். போதாததற்கு வாட்ஸ்அப் வேறு. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடுமாம், துக்கத்துக்கு ஐந்து படி இருக்கிறதாம், லாட்டரி அடித்தவனும் கால் போனவனும் ஒரு வருஷத்தில் ஒரே அளவு சந்தோஷமாகிவிடுவார்களாம்.

இதில் எது எவ்வளவு உண்மை என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு மாற்றத்துக்குப் பழகும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உளவியல் படித்தவர்களுக்கு இதில் புதுசு எதுவும் இருக்காது, அவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

## கை பழைய சுவிட்சைத் தேடுகிறது

வீடு மாறிய புதிதில் ராத்திரி எழுந்து பாத்ரூமுக்குப் போனால், கை பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த உயரத்தில், பழைய வீட்டில் இருந்த பக்கமாகச் சுவரைத் தடவும். அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு நொடி திடுக்கென்று தூக்கம் கலைந்து, நாம் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே அப்புறம்தான் உறைக்கும்.

பழைய வீட்டில் கண்ணைத் திறக்காமலே விளக்கைப் போட முடிந்ததற்குக் காரணம், கை நீள்வதற்கு முன்பே "சுவிட்ச் இங்கேதான் இருக்கும்" என்று மூளை முடிவு செய்து வைத்திருந்ததுதான். மூளை ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்த்து, யோசித்து, அப்புறம் செயல்படுவதில்லை. அதற்கு நேரமும் கிடையாது, அவ்வளவு சக்தியும் கிடையாது. அடுத்து என்ன வரும் என்று முதலில் ஊகித்துக்கொள்கிறது, கண்ணும் காதும் கொண்டுவருவதை வைத்து அந்த ஊகம் சரிதானா என்று பார்த்துக்கொள்கிறது. இந்த ஊகத்தைக் கணிப்பு என்போம். கணித்ததற்கும் நடந்ததற்கும் நடுவே விழுகிற இடைவெளி கணிப்புப் பிழை. இந்த இரண்டு சொல்லும் ஞாபகம் இருந்தால் போதும், மீதியெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் இதை நேரடியாகவே அளந்தார். குரங்குக்கு எதிர்பாராமல் சில சொட்டுப் பழச்சாறு கொடுத்தபோது டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்கு எரியும் நொடிக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது தனியாக எந்தச் சலனமும் இல்லை. ரொம்ப சுவாரசியமானது அடுத்த கட்டம். விளக்கு எரிந்தது, சாறு வரவில்லை. சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. வெளியே ஒன்றுமே நடக்கவில்லை, வரவேண்டியது வராமல் போனது மட்டும்தான் நடந்தது, அதை மூளை ஒரு நிகழ்ச்சியாகவே பதிவு செய்தது.

குரங்கின் நரம்பு செல்லிலிருந்து மனுஷத் துக்கத்துக்கு ஒரே தாவாகத் தாவ முடியாதுதான். ஆனாலும் நாலு மணிக்கு வழக்கம்போல ரெண்டு டம்ளர் காபி கலந்துவிட்டு, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றுவிட்ட ஒரு பெரியவரையோ பெரியம்மாவையோ நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த நாலு மணி ஒரு கணிப்பு. இறந்துபோன ஒருவர் நம் நாளில் இப்படி எத்தனை இடத்தில் இருந்தார் என்பது, அந்த இடங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாக வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது.

இதனால்தான் நல்ல மாற்றங்கூட ஆளைக் களைப்பாக்குகிறது. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று ஜனங்களிடம் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100. கல்யாணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45. விடுமுறைக்குக்கூட 13 கிடைத்தது. அது அந்தக் கால அமெரிக்கர்கள் போட்ட சராசரி, அதை வைத்துத் தனி ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் சந்தோஷமான விஷயங்களும் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். "நல்ல இடத்துலதானே கட்டிக் குடுத்திருக்கு, அப்புறம் எதுக்கு அழுவுற?" என்று கேட்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்கலாம்.

இதுவரை பார்த்தது: பெரிய மாற்றம் என்பது ஒரு விஷயம் மாறுவதில்லை, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கணிப்புகள் பொய்த்துப்போவது. பழகுவது என்பது அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதுவது.

## உலகம் தலைகீழானவர்

திருத்தி எழுதுவது எப்படி? இதற்கு நான் படித்ததிலேயே அருமையான உதாரணம் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன். கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியல்காரர். 1890களின் நடுவில், உலகத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் காட்டுகிற ஒரு லென்ஸ் குழாயை வலது கண்ணில் மாட்டிக்கொண்டு, இடது கண்ணை மூடிக் கட்டிக்கொண்டார். இரண்டாவது முறை செய்தபோது எட்டு நாள் அப்படியே இருந்தார், தூங்கும்போது இரண்டு கண்ணையும் கட்டிக்கொள்வாராம்.

முதல் நாட்களில் எதை எடுக்கப் போனாலும் தப்பான கை நீண்டது, தலையைத் திருப்பினால் அறையே ஆடியது, வயிற்றைக் குமட்டியது. நாள் ஆக ஆக ஒவ்வொன்றாகச் சரியானது. வீட்டுக்குள் இடிக்காமல் நடக்க வந்தது, கை யோசிக்காமலே சரியான பக்கம் போனது. உலகம் நேராகிவிட்டது என்று இந்தச் சோதனையைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள், அது கொஞ்சம் மிகை. சுறுசுறுப்பாக நடமாடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் இயல்பாகத் தோன்றியது, நின்று யோசித்தால் பழைய உணர்வு திரும்பியது என்கிற மாதிரிதான் அவருடைய குறிப்புகள் இருக்கின்றன.

லென்ஸைக் கழற்றிய பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. உலகம் இப்போது நிஜமாகவே நேராக இருந்தது, ஆனால் அவருக்கு அது விநோதமாக இருந்தது. மணிக்கணக்கில் அறை ஆடியது, கை மறுபடியும் தப்பான பக்கம் போனது. பத்து வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர்கள் "சொந்த ஊருக்கே பழக வேண்டியிருக்கு" என்று சொல்வது பம்மாத்து இல்லை. திரும்பி வருவதும் ஒரு மாற்றம்தான், அதற்கும் கணிப்புகளைத் திருத்த வேண்டும். என்ன, திரும்பி வந்தவருக்கு யாரும் அனுதாபம் காட்ட மாட்டார்கள்.

அடுத்த கேள்வி, ஸ்ட்ராட்டன் அந்த எட்டு நாளும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பழகியிருப்பாரா? நாள் கணக்கு ஒன்றுதானே?

1963இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இருவர் பூனைக்குட்டிகளை வைத்து இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். இருட்டில் வளர்ந்த இரண்டு குட்டிகள். தினமும் சில மணி நேரம் மட்டும் வெளிச்சத்தில், கோடு போட்ட ஒரு வட்டச் சுவருக்குள் விடுவார்கள். குடைராட்டினம் மாதிரி ஒரு கம்பி. ஒரு முனையில் ஒரு குட்டி தன் காலால் நடக்கும், மறுமுனையில் இன்னொரு குட்டி சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி அதே வேகத்தில் சுற்றும். இரண்டும் பார்த்த காட்சி ஒன்றே, செலவான நேரமும் ஒன்றே. கடைசியில் சோதித்துப் பார்த்தபோது, நடந்த குட்டிக்குப் பார்வை சரியாக வேலை செய்தது. தூக்கிச் சுமக்கப்பட்ட குட்டி, தரை அருகே வரும்போது காலை நீட்டவில்லை, முகத்துக்கு நேரே ஏதாவது வந்தால் கண் சிமிட்டவில்லை, விளிம்புக்குக் கீழே பள்ளம் இருப்பதைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் அதையும் வெளிச்சத்தில் ஓடியாட விட்டதும் அதுவும் சில நாளில் கற்றுக்கொண்டது.

நான் இந்தக் கட்டுரையை எழுதியதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். காலம் ஆற்றும் என்கிறோம். காலம் தனியாக எதையும் ஆற்றுவதில்லை. அந்தக் காலத்தில் புதிய நிலைமையோடு எத்தனை முறை மோதினோம், கணிப்பு எத்தனை முறை பொய்த்துத் திருந்தியது என்பதுதான் வேலை செய்கிறது. புதிய ஊருக்குப் போய் ஒரு வருஷம் ரூமைவிட்டு வெளியே வராமல் பழைய நண்பர்களோடு போனிலேயே வாழ்ந்தவர், அந்த ஊரில் ஒரு வருஷம் இருந்தவர் ஆக மாட்டார்.

## லாட்டரி அடித்தவர் கதை

சரி, மோதிக்கொண்டே இருந்தால் எல்லாமே பழகிவிடுமா? பழகிவிடும் என்று நிரூபிக்க எப்போதும் காட்டப்படுவது 1978இல் பிலிப் பிரிக்மனும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு. அமெரிக்காவின் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு அடித்த 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், இரண்டுமில்லாத சாதாரண ஆட்கள் 22 பேர். இரண்டு தரப்பும் கடைசியில் ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துவிட்டார்கள் என்று இதை மேற்கோள் காட்டுவார்கள்.

ஆய்வு சொன்னது அதை அல்ல. ஐந்துக்கு மதிப்பெண் போட்டதில் லாட்டரி வென்றவர்கள் 4, சாதாரண ஆட்கள் 3.82. இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது உண்மைதான். விபத்தில் சிக்கியவர்கள் 2.96. பலரும் நினைத்ததைவிட அது உயரம், ஆனாலும் மற்ற இரண்டு குழுவைவிடத் தெளிவாகவே கீழே. அதுபோக ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள், வருஷக்கணக்கில் பின்தொடரவில்லை. ஆகவே "திரும்பி வந்தார்கள்" என்று சொல்லவே அதில் இடமில்லை.

பின்தொடர்ந்து பார்த்த கணக்கு ஜெர்மனியில் இருக்கிறது. 1984 முதல் வருஷாவருஷம் அதே குடும்பங்களைக் கேட்டுக்கொண்டு வருகிற ஒரு பெரிய கணக்கெடுப்பு அது. அதை வைத்து ரிச்சர்ட் லூகாஸும் மற்றவர்களும் 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் படம் வேறு மாதிரி வந்தது. கல்யாணத்தால் கூடின மகிழ்ச்சி சராசரியாக ஓரிரு வருஷத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. (சிரிக்கலாம்.) துணையை இழந்தவர்கள் பழைய அளவுக்கு அருகே வர ஏழெட்டு வருஷம் ஆகிறது. வேலை போனவர்கள், மறுபடி வேலை கிடைத்த பிறகுங்கூட, சராசரியாக முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. கடுமையான உடல் ஊனம் ஏற்பட்டவர்களுக்கும் இறக்கம் நீடித்தது.

ஏழெட்டு வருஷம் என்று படித்ததும் எனக்கு, முதல் தேவசம் முடிந்த கையோடு "இன்னும் எதுக்கு அதையே நினைச்சுக்கிட்டு" என்று கேட்கும் உறவினர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இதுவரை பார்த்தது: பழகுதல் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்திலோ முழுசாகவோ அல்ல. சில மாற்றங்கள் நிரந்தரமாக ஒரு தழும்பை விடுகின்றன, அது அந்த ஆளின் பலவீனம் இல்லை.

## வேலை போவது மட்டும் ஏன் பழகுவதில்லை?

துணையை இழப்பதைவிட வேலையை இழப்பது பெரிதா என்று தோன்றும். பதில் ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மாரியன்தால் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு ஏறக்குறைய ஊர் முழுக்க வேலையில்லாமல் போனது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைஸல் என்ற சமூக ஆய்வாளர்கள் மூவரும் தங்கள் குழுவோடு அந்த ஊரை ஆராய்ந்து, கண்டதை 1933இல் வெளியிட்டார்கள்.

நேரம் கிடைத்துவிட்டதே, ஜனங்கள் படிப்பார்கள், கூடிப் பேசுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டும் எடுத்துச் சென்ற புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆய்வாளர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் திரும்பத் திரும்ப நின்றார்கள். பெண்கள் அவ்வளவு நிற்கவில்லை, அவர்களுக்கு வீட்டில் உலை காத்திருந்தது. இன்று என்ன செய்தீர்கள் என்று ஆண்களிடம் எழுதித் தரச் சொன்னால் காலையில் எழுந்தது, மத்தியானம் சாப்பிட்டது, ராத்திரி படுத்தது, நடுவில் என்ன நடந்தது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

வேலை நமக்குக் கூலியோடு வேறு சிலவற்றையும் சத்தமில்லாமல் தருகிறது என்று யஹோடா பிற்பாடு விளக்கினார். நாளுக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து செய்கிற ஒரு காரியம், ஊரில் ஒரு மதிப்பு, கை காலுக்கு வேலை. வேலை போனால் இந்த ஐந்தும் சேர்ந்து போகின்றன. கணிப்பை எதை வைத்துத் திருத்துவது? பழைய சுவிட்ச் இல்லை என்பது தெரிந்துவிட்டது, புது சுவிட்ச் என்று ஒன்று இருந்தால்தானே கை அதைக் கற்கும்.

என் பெரியப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிட்டயர் ஆனவர்களுக்குப் பென்ஷன் வரும், அவமானமில்லை, மாலை போட்டு அனுப்புகிறார்கள், வேலை போனவர்களோடு ஒப்பிடவே கூடாது என்று சொல்லலாம். ஆனாலும் அந்த ஐந்தில் நாலு போய்விடுகிறதே. முதல் ட்ரிப்புக்காக வருஷக்கணக்கில் அதிகாலை மூன்றரைக்கு எழுந்த உடம்பு, ஓய்வுக்கு அப்புறமும் மூன்றரைக்கே எழுந்தது. எழுந்து முகம் கழுவி, சட்டை மாட்டி, திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தார். பழனி, திருச்செந்தூர் என்று கோயில் கோயிலாகப் போனார், விசேஷ வீடு ஒன்று விடாமல் தலைகாட்டினார். அதெல்லாம் ஓய்ந்த பிறகு பெரியம்மாவோடு தொட்டதற்கெல்லாம் சண்டை. பருப்பில் உப்பு, சில்லறை எண்ணி வைக்கவில்லை, பையன் போன் பண்ணவில்லை. "வீட்டுல இருக்குற மனுஷன் இன்ஸ்பெக்டர் மாதிரி செக்கிங் பண்ணுனா நான் எங்க போவேன்" என்று பெரியம்மா எங்களிடம் புலம்புவார். யோசித்துப் பார்த்தால் மாற்றம் பெரியம்மாவுக்கும் வந்திருந்தது, முப்பது வருஷமாகப் பகலில் தனக்கென்று இருந்த வீடு போய்விட்டது. அவரை யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான்.

பணி ஓய்வைப் பற்றி எழுதிய ராபர்ட் ஆட்ச்லி 1976லேயே இந்த வரிசையைச் சொல்லியிருக்கிறார்: முதலில் ஒரு தேனிலவு, அப்புறம் ஒரு ஏமாற்றம், அதற்கப்புறம் நாளை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்வது. எல்லாருக்கும் இந்த வரிசையில்தான் வரவேண்டும் என்றில்லை.

பெரியப்பாவுக்குத் திருப்பம் தற்செயலாக வந்தது. கூட வேலை பார்த்த ஒருவருக்குப் பென்ஷன் சம்பந்தமாக ஏதோ ஒரு மனு எழுத வேண்டியிருந்தது, கண் பார்வை மங்கிய மனிதர், இவர் எழுதிக்கொடுத்தார். கையெழுத்து நன்றாக இருக்கும். அடுத்து இன்னொருவர் வந்தார். இப்போது காலையில் சாப்பிட்டுவிட்டு, பழைய டிக்கெட் பைக்குப் பதிலாக ஒரு ஜவுளிக்கடைப் பையில் வெள்ளைத்தாள், கார்பன் பேப்பர், கோந்து, ரெண்டு பேனா எல்லாம் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். அந்த ஐந்தும் அளவில் சின்னதாக, ஆனால் ஏறக்குறைய முழுசாகவே, அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. சண்டை நின்றுவிட்டதா என்றால் இல்லை. சாயங்காலம் நடக்கிறது.

## ஐந்து படியும் 21 நாளும்

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. இந்த ஐந்தையும் 1969இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர். அவர் பேசியது சாகப்போகிற நோயாளிகளோடு. தன் மரணச் செய்தியை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதுதான் அவருடைய கேள்வி. அது பிற்பாடு உற்றாரை இழந்தவர்களுக்கு, விவாகரத்துக்கு, கடைசியில் கம்பெனி இணைப்புக்கெல்லாம் நீட்டப்பட்டது. உணர்ச்சிகள் எல்லாம் நிஜம்தான். வரிசையாக வரும் என்பதும், எல்லாப் படியும் ஏறியாக வேண்டும் என்பதும்தான் பிரச்சினை. "எனக்குக் கோபமே வரலியே, நான் ஒழுங்கா துக்கப்படலியோ" என்று கவலைப்படுகிற அளவுக்கு இது போயிருக்கிறது. இழப்பைச் சந்தித்தவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஜார்ஜ் பொனானோ, பெரிய தடுமாற்றமில்லாமல் அன்றாட வாழ்க்கையைத் தொடர்கிறவர்கள்தான் அதிகம் என்று கண்டார். அழாதவர் எல்லாம் கல்நெஞ்சக்காரர் இல்லை.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தெரிவது, மார்கரெட் ஸ்ட்ரோபெ, ஹென்க் ஸ்கூட் இருவரும் 1999இல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், ஒரு நேரம் வாழ்க்கையின் பக்கம் வருவார், ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது மாதிரி. மாறி மாறிப் போய்வருவதே ஆரோக்கியம், ஒரே பக்கத்தில் தங்கிவிடுவதுதான் சிக்கல். நம் ஊர்ச் சாவு வீட்டைப் பாருங்கள். ஒப்பாரி வைத்து நெஞ்சிலடித்து அழுத அதே அத்தை, அரைமணி நேரத்தில் "பந்தலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?" என்று கேட்பார். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் துக்கம் விசாரிக்க ஆள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் திரும்பத் திரும்பச் சொல்லல் ஒரு வேலையைச் செய்கிறது. இதே சடங்குகள் கணவனை இழந்த பெண்களுக்குச் செய்த கொடுமையை மறந்துவிட்டு இதை நான் புகழ வரவில்லை.

21 நாள் கணக்கு இன்னும் வேடிக்கை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனில் மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று 1960இல் எழுதினார். கவனியுங்கள், "குறைந்தது". அந்தச் சொல் எங்கேயோ உதிர்ந்துபோய், 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஆகிவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்னப் புதுப் பழக்கம் யோசிக்காமல் வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவுமில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது.

## அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

மாற்றத்தின் நடுவில் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, எதிர்காலத்தில் தனக்கு எப்படி இருக்கும் என்று மனசு போடுகிற கணக்கு நம்பத்தக்கதல்ல என்பது. 1998இல் டேனியல் கில்பர்ட் குழுவினர், நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் போனால் எவ்வளவு நொந்துபோவீர்கள் என்று இளம் ஆசிரியர்களிடம் கேட்டார்கள். அவர்கள் பயந்த அளவுக்கு, நிஜமாகவே கிடைக்காமல் போனவர்கள் நொந்திருக்கவில்லை. ஆகவே புது ஊரில் இரண்டாவது வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு, "இங்க என்னால ஆயுசுக்கும் இருக்க முடியாது" என்று தோன்றினால், அது இரண்டாவது வாரத்துச் சத்தம். ராஜினாமாக் கடிதம் அப்போது எழுதாதீர்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் இருப்பது. திருத்த வேண்டிய கணிப்புகள் ஏற்கெனவே ஏராளம், அதில் நாமாகப் போய் இன்னும் சேர்க்க வேண்டாம். ஊர் மாறினால் அதே காபித்தூள், அதே நடைப்பயிற்சி நேரம், வெள்ளிக்கிழமை அதே கோயிலோ அதே மாதிரி ஒரு கோயிலோ. தூக்கமும் சாப்பாட்டு நேரமும் நிலையாக இருந்தாலே பாதிப் பாரம் குறையும். மிச்சமிருக்கும் தெம்பை மோத வேண்டிய இடத்தில் செலவழிக்கலாம். புது ஆபீஸ் கேண்டீனில் தினமும் தனியாகச் சாப்பிடாமல் ஒரே மேஜையில் போய் உட்காருவது, மொழி தெரியாத ஊரில் ஆப்பில் ஆர்டர் போடாமல் தினமும் ஒரே காய்கறிக் கடைக்குப் போய்த் தப்பும் தவறுமாகப் பேசுவது. ஒரே இடம், ஒரே நேரம், அடிக்கடி. கணிப்பு உருவாக அதுதான் சீக்கிரமான வழி.

மூன்றாவதாக, மாற்ற முடிந்ததையும் முடியாததையும் பிரித்துப் பார்ப்பது. ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் சமாளிப்பு முறைகளை இரண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையையே சரிசெய்யப் பார்ப்பது, பிரச்சினையால் எழும் உணர்ச்சியைக் கையாள்வது. மாமியாரோடு சமையலறை நேரத்தைப் பேசிப் பங்கிட்டுக்கொள்வது முதல் வகை. இறந்தவர் திரும்ப மாட்டார் என்பதோடு வாழ்வது இரண்டாம் வகை. நாம் சொதப்புவது பெரும்பாலும் இடம் மாற்றிச் செய்வதால்தான். சம்பளம் தராமல் இழுத்தடிக்கிற முதலாளியிடம் வேலை பார்ப்பவரிடம் "பொறுமையா இரு, பழகிடும்" என்பது, உதைக்கிற கணவனிடம் இருக்கிற பெண்ணிடம் அதையே சொல்வது. அவற்றுக்குப் பழகவே கூடாது. பழகிவிட்டால்தான் ஆபத்து.

மாற்றத்துக்குப் பிறகு சில வாரம் தூக்கம் கெடுவதும் எரிச்சல் வருவதும் எல்லாருக்கும் உள்ளது. ஆனால் மாதக்கணக்கில் வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாத அளவுக்கு நீடித்தாலோ, குடி கூடிக்கொண்டே போனாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். இதற்கென்று "சரிப்படுத்தல் கோளாறு" என்ற நோய்ப் பெயரே மருத்துவத்தில் இருக்கிறது, பெரும்பாலும் பேச்சு சிகிச்சையிலேயே சரியாகக்கூடியது. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம்.